மூன்று கிளப்புகளில் சாதனை, எதிலும் நிலைக்காத நாற்காலி: டெட் ஹார்ப்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த டெட் ஹார்ப்பர்?

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து ஆடிப் பிழைத்தவர். 1901-ல் பிறந்தவர். ஆட்ட இடம் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர். கெண்ட் பகுதியில் ஷெப்பி யுனைடெட் என்ற சின்னக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை 1923-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் வடக்கே அழைத்துக்கொண்டது. 1927 நவம்பரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே, 1929 மார்ச்சில் டாட்டன்ஹாம், 1931 டிசம்பரில் பிரஸ்டன் நார்த் எண்ட், 1933 நவம்பரில் மறுபடியும் பிளாக்பர்ன். 1935-ல் ஆட்டம் முடிந்தது.

தேதிகளைப் பாருங்கள். நவம்பர், மார்ச், டிசம்பர், நவம்பர். ஒரு மாற்றம்கூடக் கோடை விடுமுறையில் நடக்கவில்லை. எல்லாமே சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில்.

அவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? டிக்ஸி டீன், அலெக்ஸ் ஜேம்ஸ் போன்ற அக்காலத்துப் பெரிய நட்சத்திரங்கள் இருக்கிறார்களே?

அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஹார்ப்பரிடம் ஈர்ப்பு வந்த காரணம் ஒரு பழைய புள்ளிவிவரப் பட்டியல். ஒரு சீசனில் அதிக லீக் கோல் அடித்தவர் யார் என்று கிளப் கிளப்பாகப் பார்த்துக்கொண்டே போனேன். பிளாக்பர்ன்: ஹார்ப்பர், 43, 1925-26. பிரஸ்டன்: ஹார்ப்பர், 37, 1932-33. பெயர் ஒற்றுமையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அதே ஆள்தான். டாட்டன்ஹாமுக்கும் 1930-31-ல் 36 அடித்து அங்கும் சாதனையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

மூன்று கிளப்புகளில் மூன்று சாதனைகள். அப்படிப்பட்டவரை அந்த மூன்று கிளப்புகளும், சாதனை படைத்த சில மாதங்களிலோ இரண்டொரு ஆண்டுகளிலோ வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டன. இது எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் ஓடும் கேள்வி.

அவராக விரும்பி மாறினாரா, அனுப்பப்பட்டாரா?

அந்தக் காலத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம். முறை இதுதான். ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருக்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், மே மாதம் முடிந்துவிடும். ஒப்பந்தம் முடிந்தால் ஆள் விடுதலை என்றுதானே நாம் நினைப்போம்? அப்படியில்லை. சீசன் முடிவில் கிளப் மூன்று பட்டியல் போடும். தக்கவைக்கப்படுபவர்கள், விலைக்கு விடப்படுபவர்கள், இலவசமாகப் போகலாம் என்று விடப்படுபவர்கள். தக்கவைக்கும் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தாலும் லீகின் வேறெந்தக் கிளப்பிலும் ஆட முடியாது. சம்பளமும் கிடையாது. ஆண்டுக்கு 208 பவுண்டு தருகிறோம் என்று கிளப் எழுத்தில் சொல்லிவிட்டால் போதும், அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வாரக் கணக்கில் அது 4 பவுண்டு.

1912-ல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் இதை எதிர்த்து ஆஸ்டன் வில்லா மீது வழக்குப் போட்டுத் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு யாருக்கும் நீதிமன்றப் படியேறும் தெம்பு வரவில்லை. இந்த முறை சட்டப்படி நியாயமற்றது என்று தீர்ப்பு வந்தது 1963-ல், ஜார்ஜ் ஈஸ்தம் வழக்கில். ஹார்ப்பர் தலைமுறை முழுவதும் இந்த இரண்டு வழக்குகளுக்கு நடுவில் ஆடி ஓய்ந்தது.

சம்பளம் எவ்வளவு?

உச்சவரம்பு இருந்தது. 1922 முதல் சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு. இதற்கு மேல் எந்தக் கிளப்பும் கொடுக்கக் கூடாது. வென்றால் 2 பவுண்டும் சமன் செய்தால் 1 பவுண்டும் ஊக்கத்தொகை. 37 வாரம் எட்டு, 15 வாரம் ஆறு என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 386 பவுண்டு. வாரம் 3 பவுண்டு அளவில் சம்பாதித்த தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அது பெரிய பணம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அது வரம்பு, சம்பளம் அன்று. எல்லோருக்கும் எட்டு கிடைத்துவிடவில்லை. இதற்கு நல்ல உதாரணம் ஜிம்மி சீட். டாட்டன்ஹாமில் 1921 எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்துப் போட்டி) வென்ற அணியில் இருந்தவர், இங்கிலாந்துக்கு ஆடியவர். 1927-ல் அவருடைய சம்பளத்தை எட்டிலிருந்து ஏழாகக் குறைத்தது கிளப். ஒரே ஒரு பவுண்டு. ஆல்டர்ஷாட் கிளப்பில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் போகலாம் என்று பார்த்தார், அதற்கும் விடவில்லை. கடைசியில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் அணித் தலைவரானார். 1927-28 சீசனில் கடைசி இடத்தில் கிடந்த வெட்னஸ்டே, இறுதி வாரங்களில் எழுந்து தப்பித்தது. லீகின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்று எது தெரியுமா? டாட்டன்ஹாம். ஒரு பவுண்டு மிச்சம் பிடிக்கப் போன கதை.

அந்த சீசனில் சீட்டுக்கு முன்னால் நின்று கோல் அடிக்க நடுவில் வந்து சேர்ந்தவர்தான் ஹார்ப்பர். ஒன்றரை ஆண்டு கழித்து, சீட் எந்தக் கிளப்பிலிருந்து வந்தாரோ அதே டாட்டன்ஹாமுக்கு எதிர்த் திசையில் ரயில் ஏறினார்.

இடமாற்றத் தொகையில் ஆட்டக்காரருக்குப் பங்கு உண்டா?

கையெழுத்திடும்போது 10 பவுண்டு. அவ்வளவுதான். 1928-ல் போல்டனிலிருந்து டேவிட் ஜேக்கை வாங்க ஆர்சனல் 10,890 பவுண்டு கொடுத்தது. பத்தாயிரத்தைத் தாண்டிய முதல் மாற்றம் அது. கிளப்புக்குக் கிளப் கைமாறிய அந்தப் பணத்துக்கு நடுவில் நின்ற ஜேக்குக்குச் சட்டப்படி வாரச் சம்பளம் அதே எட்டு.

மாறினால் சம்பளம் கூடாது. அப்படியிருக்க ஏன் மாற வேண்டும்? புது ஊர், புது வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். மாறாமல் இருந்தால்தான் ஓரளவு லாபம். ஒரே கிளப்பில் ஐந்தாண்டு தொடர்ந்து ஆடினால் ‘பெனிஃபிட்’ என்ற பெயரில் ஒரு தொகை கிடைக்க வழி உண்டு. முதல் முறை 500 பவுண்டு வரை, பின்பு 650 வரை. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புக்கு இல்லை. நடுவில் விற்றால் கழிந்த ஆண்டுகளுக்கு ஒரு பங்கு தரலாம், அதுவும் லீக் சம்மதித்தால். ஹார்ப்பரின் கணக்கைப் பாருங்கள்: பிளாக்பர்னில் முதல் தடவை நாலரை ஆண்டு. அதற்குப்பின் எங்கும் மூன்று ஆண்டுகூட நிறையவில்லை.

1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது ஹார்ப்பருக்கு எப்படி உதவியது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 43 என்ற எண் இங்கேதான் பிறந்தது.

பழைய விதிப்படி, பந்து முன்னோக்கி அனுப்பப்படும் கணத்தில், வாங்கப்போகிறவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருவர், பின்னால் இரண்டு தடுப்பாளர்கள். இந்த இருவரில் ஒருவர் நாலடி முன்னே வந்துவிட்டால் போதும், கணக்கு இரண்டாகிவிடும், விசில் ஊதப்படும். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதை ஒரு கலையாகவே ஆக்கிவைத்திருந்தார். நடுக்கோட்டுக்கு அருகில் இருபது பேர் நெருக்கியடித்து நிற்க, விசில் மேல் விசில். டிக்கெட் வாங்கி வந்தவன் எதைப் பார்ப்பான்?

1925 கோடையில் மூன்றை இரண்டாக்கினார்கள். இப்போது ஒரு தடுப்பாளர் முன்னே வந்து ஏமாந்துவிட்டால், பின்னால் கோல்கீப்பர் தவிர வேறு காவல் கிடையாது. வேகமாக ஓடத் தெரிந்த சென்டர் ஃபார்வர்டுக்குத் திறந்த வீடு. 1924-25-ல் லீகின் நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 4,700 கோல்கள். அடுத்த சீசனில் 6,373. ஆட்டங்களின் எண்ணிக்கை அதே 1,848. ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல் கூடிவிட்டது.

அந்தக் கதவு திறந்ததும் முதலில் உள்ளே ஓடியவர் ஹார்ப்பர். 43 கோல். முதல் டிவிஷனில் அதுவரை ஒரு சீசனில் யாரும் 40-ஐத் தொட்டதில்லை.

ஆனால் எதிரணிகளும் சும்மா இருக்கவில்லை. 1925 அக்டோபரில் நியூகாசிலில் 7-0 என்று உதை வாங்கிய ஆர்சனல், நடுக்களத்தில் நின்ற சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் நிறுத்தியது. மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். அந்த மூன்றாவது ஆளுக்கு ஒரே வேலை, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை விடாமல் ஒட்டிக்கொள்வது. சில ஆண்டுகளில் ஊருக்கெல்லாம் இந்த ஏற்பாடு பரவிவிட்டது. அதற்குப் பிறகும் ஹார்ப்பர் 36-ம் 37-ம் அடித்தார் என்பதால், 43 வெறும் விதி மாற்றத்தின் தயவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்னவை இரண்டாம் டிவிஷனில் அடித்தவை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து அணிக்கு ஆடினாரா?

ஒரே ஒரு முறை. 1926 ஏப்ரல் 17, ஓல்டு டிராஃபோர்டு மைதானம், ஸ்காட்லாந்துக்கு எதிராக. ஸ்காட்லாந்து 1-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு டிக்ஸி டீன் வந்துவிட்டார். 1927-28-ல் டீன் 60 கோல் அடித்ததும், இரண்டே ஆண்டுக்கு முந்தைய 43 பழங்கதையாகிவிட்டது.

கோப்பை, பட்டம் ஏதாவது?

இங்கேதான் மனிதரின் ஜாதகம் விளையாடுகிறது.

1927 நவம்பரில் பிளாக்பர்னை விட்டார். 1928 ஏப்ரலில் பிளாக்பர்ன் ஹடர்ஸ்ஃபீல்டை 3-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. வெட்னஸ்டேவில் ஜாக் ஆலன் சென்டர் ஃபார்வர்டாக வந்து கோல்களைக் குவிக்கத் தொடங்க, ஹார்ப்பருக்கு இடம் போயிற்று. 1929 மார்ச்சில் வெளியேறினார். இரண்டு மாதத்துக்குள் வெட்னஸ்டே லீக் சாம்பியன். டாட்டன்ஹாமில் அவர் 36 அடித்த சீசனில் அணி இரண்டாம் டிவிஷனில் மூன்றாவது. மேலே போவது முதல் இருவர் மட்டும். அவர் போன பிறகு 1933-ல் டாட்டன்ஹாம் மேலேறியது. பிரஸ்டனை விட்டது 1933 நவம்பர். அந்த சீசன் முடிவில் பிரஸ்டனும் முதல் டிவிஷனுக்குப் போனது.

நான்கு கிளப்புகள், நான்கு தடவை, பந்தி போடுவதற்குச் சற்று முன்பு எழுப்பி அனுப்பப்பட்ட விருந்தாளி. அவர் போனதால்தான் அவை வென்றன என்று குதர்க்கமாகச் சொல்பவர்களும் உண்டு. அடித்த கோல்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல நாக்கு எழாது.

அன்றைய ஆட்டக்காரரின் வாரம் எப்படி இருந்தது?

காலையில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், நடை, உடற்பயிற்சி. பந்து? பல கிளப்புகளில் வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். பட்டினி போட்டால்தான் சனிக்கிழமை பசியோடு பாய்வார்கள் என்பது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் ‘தத்துவம்’. இதைவிட அசட்டுத்தனமான ஒன்றை நான் விளையாட்டு வரலாற்றில் படித்ததில்லை.

மின்விளக்கு கிடையாது. மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு எந்த ஆட்டமும் பகல் வெளிச்சத்தில்தான். கிறிஸ்துமஸ் அன்றும் ஆட்டம், மறுநாளும் ஆட்டம். பந்து தோலால் ஆனது, வாய்ப்பக்கம் தோல்வாரால் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் கனத்துவிடும். அந்தக் கட்டு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தடம் பதிந்துவிடும். சட்டையில் எண் 1939-ல்தான் லீகில் கட்டாயமானது. அதுவரை மேடையில் நிற்கும் ரசிகர் ஆளின் நடையையும் முடியையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காயம் பட்டால்?

மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லை. லீகில் அது வந்தது 1965-ல். நடக்க முடிந்தால் நொண்டிக்கொண்டே ஓரத்தில் நிற்பார், எதிரணிக்கு ஒரு தொந்தரவாகவாவது இருக்கட்டும் என்று. முடியாவிட்டால் அணி பத்துப் பேரோடு ஆடும்.

கோல்கீப்பர்களின் நிலை இன்னும் மோசம். சண்டர்லாந்தின் ஜிம்மி தார்ப்புக்கு வயது 22. நீரிழிவு நோய் உள்ளவர். 1936 பிப்ரவரி 1 அன்று செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தவரை உதைத்தார்கள். எழுந்து ஆட்டத்தை முடித்தார். நான்கு நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான், கைகளில் பந்தை வைத்திருக்கும் கோல்கீப்பரிடமிருந்து காலால் பந்தைப் பறிக்கக் கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். சண்டர்லாந்து அந்த ஆண்டு லீகை வென்றது. தார்ப்பின் பதக்கம் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

கீழ்ப் பிரிவுகளில் ஆடியவர்கள் கதி?

ஹார்ப்பர் கடைசி வரை முதல் இரண்டு பிரிவுகளிலேயே இருந்தார். அந்த வகையில் கொடுத்துவைத்தவர். 1920-ல் மூன்றாம் டிவிஷன் உருவாகி, 1921-ல் அது தெற்கு, வடக்கு என்று இரண்டானது. அங்கே எட்டு பவுண்டு என்பது கேள்விப்பட்ட தொகை. கோடையில் சம்பளமே இல்லாத ஒப்பந்தங்கள் சாதாரணம். மே மாதம் வந்தால் பழைய தொழிலுக்கோ வேலையில்லாதோர் வரிசைக்கோ போக வேண்டியதுதான். நிலக்கரியும் பஞ்சும் படுத்த ஊர்களில் கிளப்புகளும் படுத்தன. அபர்டேர், டர்ஹாம், ஆஷிங்டன், மெர்தர், நெல்சன் என்று 1927-க்கும் 1931-க்கும் நடுவில் ஒவ்வொன்றாக லீகில் இடமிழந்தன. விகன் பரோ 1931 அக்டோபரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே கையை விரித்துவிட்டது. ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையே பட்டியலிலிருந்து அழித்துவிட்டார்கள்.

அந்த விகன் பரோவில் புகழ்பெற்றவர் யாராவது ஆடினார்களா?

ஃபிராங்க் பார்சன். கொல்லன் தொழிலிலிருந்து வந்தவர், முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர். பார்ன்ஸ்லி, ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் யுனைடெட், வாட்ஃபோர்டு, ஹார்ட்டில்பூல்ஸ், பிறகு விகன் பரோ. நாடோடி என்ற சொல்லுக்கு ஹார்ப்பரைவிடப் பொருத்தமானவர்.

அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. சம்பள வரம்பு இருந்ததால் நேரடியாக அதிகம் தர முடியாத மான்செஸ்டர் யுனைடெட், மூன்று ஆண்டுக்குள் அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றினால் ஒரு மதுக்கடை தருகிறோம் என்றதாம். 1925-ல் அணி ஏறியது. கடையும் வந்தது. திறப்பன்று வந்து குவிந்த கூட்டம் அவரைப் புகழ்ந்து தள்ள, பதினைந்தே நிமிடத்தில் வெறுத்துப்போய்ச் சாவியைத் தலைமைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார் என்பார்கள். ஆட்டம் முடிந்ததும் மதுக்கடை நடத்துவது அன்றைய ஆட்டக்காரர்கள் எல்லோருடைய கனவு. கிடைத்ததைத் தூக்கிப் போட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த முறையிலிருந்து தப்ப வழியே இல்லையா?

லீகுக்கு வெளியே போகலாம். லீகின் தக்கவைப்புப் பட்டியல் சின்ன லீகுகளையும் வேல்ஸ் பக்கத்துக் கிளப்புகளையும் கட்டுப்படுத்தவில்லை. பார்சன்கூடக் கடைசியில் வேல்ஸின் ரில் ஊருக்குப் போனார். 1932-ல் பிரான்சில் தொழில்முறை லீக் தொடங்கியதும் சிலர் கடல் தாண்டினார்கள். செல்சியிலிருந்து ஸ்காட்லாந்துக்காரர் அலெக் செய்ன் நீம் கிளப்புக்குப் போனது அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு மொழியும் தெரியாது, துணிச்சலும் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஹார்ப்பர் என்ன செய்தார்?

பிளாக்பர்னிலேயே தங்கி, கிளப்பில் பயிற்சியாளராக வேலை பார்த்தார். பிறந்த கெண்டுக்குத் திரும்பவில்லை. 1959-ல் காலமானார்.

அவருடைய சாதனைகள் இன்னும் நிற்கின்றனவா?

இரண்டு நிற்கின்றன. பிளாக்பர்ன் லீகை வென்ற 1994-95-ல் ஆலன் ஷியரர் 34 கோல் அடித்தார். ஆட்டங்கள் அன்றைப் போலவே 42. ஹார்ப்பரின் 43-க்கு ஒன்பது குறைவு. பிரஸ்டனின் 37-ஐயும் யாரும் தாண்டவில்லை.

டாட்டன்ஹாமின் 36 மட்டும் போனது. 1957-58-ல் பாபி ஸ்மித் அதைச் சமன் செய்தார். ஹார்ப்பர் அப்போது உயிரோடு இருந்தார். 1962-63-ல் ஜிம்மி கிரீவ்ஸ் 37 அடித்துத் தாண்டினார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1961 ஜனவரியில், சம்பள வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.